பைரீத்ரம்: விதையிலிருந்து பூ வரை

தாம்பரத்துக்கு வடமேற்கே, குன்றத்தூருக்கு அணித்தாயுள்ள திருமுடிவாக்கம் என்னும் ஊரில் கீரையும் காய்கறியும் பயிரிட்டு ஜீவனம் செய்துவரும் குடியானவர் ஒருவர், 2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத் தொடக்கத்தில் பைரீத்ர விதைப் பொட்டலம் ஒன்றைத் தபால் மூலமாக வரவழைத்தார். பைரீத்ரம் என்பது வெண்ணிற இதழ்களும் மஞ்சள் நிற நடுத்தட்டும் உடைய, சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி. அதன் பூவை உலர்த்திப் பொடித்தால் கொசு, ஈ, அசுவினி முதலிய பூச்சிகளைக் கொல்லும் மருந்து கிடைக்கும். தம் தோட்டத்து அவரையிலும் கத்தரியிலும் அசுவினிக்காகச் செலவிட்ட பணம் போதுமென்றும், இனிப் பூச்சி மருந்தைத் தம் நிலத்திலேயே விளைத்து மிஞ்சியதை விற்கலாமென்றும் அவர் எண்ணினார். எண்ணம் நல்லதே. ஆனால் பொட்டலத்தின்மேல் விதைக்கும் முறை அச்சிடப்பட்டிருந்ததேயன்றி, எந்தச் சீதோஷ்ணத்தில் அச்செடி பூக்கும் என்பது அச்சிடப்பட்டிருக்கவில்லை.

அவர் செய்த நற்காரியம் ஒன்றுண்டு. விதை முழுவதையும் தாமே விதைத்துவிடாமல், பாதியை உதகமண்டலத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிட்டுவரும் தம் தமக்கையின் கணவருக்கு அனுப்பிவைத்தார். "மாமா, இது மலைச்செடி என்று சொல்லுகிறார்கள். அங்கே எப்படி வருகிறதென்று நீங்களும் பாருங்கள்" என்று அவர் சொல்லியனுப்பிய ஒரு வார்த்தையால், ஒரே விதை இருவேறு சீதோஷ்ணத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கண்கூடாகக் காணும் வாய்ப்பு ஏற்பட்டது. அதன் விவரமும், மலைப்பகுதியில் இப்பயிரை விதையிலிருந்து வளர்க்கும் முறையும் இங்கே தரப்படுகின்றன.

செடியின் பிறப்பும் வரலாறும்

பைரீத்ரத்தின் தாயகம் அட்ரியாட்டிக் கடலின் கீழைக் கரையிலுள்ள டால்மேஷியா நாட்டுச் சுண்ணாம்புப் பாறை மலைகளாகும். சாஸ்திரிகள் இதனை டனாசிட்டம் சினெரரீஃபோலியம் என்பர். பழைய நூல்களில் கிரைசாந்திமம் என்ற இனப்பெயரோடு காணப்படும். இதற்கு முன்னரே காக்கஸஸ், பாரசீகப் பகுதிகளில் வளரும் மற்றொரு வகையின் பூப்பொடி, பாரசீகப் பூச்சிப்பொடி என்ற பெயரால் ஐரோப்பாவில் விற்பனையாகிவந்தது. டால்மேஷியச் செடியில் விஷச்சத்து மிகுதி என்று தெரிந்தபின் அதுவே எங்கும் பரவிற்று.

ஜப்பானில் இதன் விதை 1880-களில் புகுந்தது. உயெயாமா எய்ச்சிரோ என்பவர் 1890-ஆம் ஆண்டில் பூப்பொடியைக் கொண்டு ஊதுவத்தி செய்தார். 1902 முதல் அது நெடுநேரம் எரியும் சுருள் வடிவில் விற்பனைக்கு வந்தது. இன்று வீடுதோறும் காணப்படும் கொசுவர்த்திச் சுருளின் மூலம் இதுவே. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் உலகத்துக்கு வேண்டிய பூவிற் பெரும்பகுதியை ஜப்பானே அளித்துவந்தது. 1920-களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவின் கெனியா மேட்டுநிலங்களில் இப்பயிர் தொடங்கப்பெற்று, யுத்த காலத்தில் அந்நாடு முதலிடத்தை அடைந்தது.

தமிழ்நாட்டுக்கும் இப்பூவோடு பழந்தொடர்பு உண்டு. மேட்டூர் அணையின் நீர் புதுநிலங்களுக்குப் பாய்ந்தபின் தஞ்சை ஜில்லாவின் பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா ஜுரம் ஒரு பெருந் தொல்லையாயிற்று. அமெரிக்க மலேரியா நிபுணராகிய பால் ரஸ்ஸல் என்பவர் 1930-களின் இறுதியில் அங்கே கிராம வீடுகளுக்குள் பைரீத்ரச் சாற்றைத் தெளித்துக் கொசுக்களைக் கொன்று, ஜுரத்தைக் குறைக்கும் சோதனைகளை நடத்தினார். யுத்தத்தால் ஜப்பான் பூ வருவது நின்றபோது, நீலகிரி மலைகளிலும் காஷ்மீரத்திலும் இதனைப் பயிரிட ஊக்கம் தரப்பட்டது. யுத்தம் முடிந்ததும் டி.டி.டி. மலிவாகக் கிடைக்கவே, பைரீத்ரத்தின் மதிப்புக் குன்றியது. பிற்காலத்தில் டி.டி.டி.யின் தீமைகள் வெளிப்பட்டபின் மீண்டும் இதன்மீது நாட்டம் திரும்பியிருக்கிறது. 1980-களிலிருந்து ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவில் இயந்திரங்களைக் கொண்டு பெரும் பரப்பில் பயிர் செய்கிறார்கள். கெனியா, டான்சானியா, ருவாண்டா நாடுகளில் சிறு குடியானவர்கள் கையாற் பறித்து விற்கிறார்கள்.

விலை பூவிற்கே

பைரீத்ரின் என்று மொத்தமாக அழைக்கப்படும் ஆறு பொருள்களே இதன் விஷச்சத்தாகும். இவை ஏறக்குறைய முழுவதும் பூத்தலையில் உள்ள சிறு காய்களில் அடங்கியுள்ளன. உலர்ந்த பூவில் எடைக்கணக்கில் 100-க்கு 1 முதல் 2 பங்கு வரை இருக்கும். இலையிலும் தண்டிலும் இருப்பது மிகச் சொற்பம். எனவே செடி எவ்வளவு செழிப்பாகத் தழைத்திருப்பினும், பூவாவிடில் குடியானவருக்கு அதனால் ஒரு காசும் பயனில்லை. கீரைப் பயிரில் இலையே பலன். இங்கு இலை வெறும் வாக்குறுதியே.

இச்செடி பூமொட்டு வைப்பதற்குக் குளிர் இன்றியமையாதது. வளர்ந்த செடியின்மேல் சில வாரங்களுக்கு இரவு வெப்பம் 16 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்கி நிற்க வேண்டும். வெப்பம் 24 டிகிரிக்கு மேல் விடாது நிற்குமாயின் மொட்டு உண்டாவது தடைப்படும். உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மார்கழி, தை மாத இரவுகளில் பள்ளங்களில் உறைபனி விழுவதுண்டு. பகலிலும் வெயில் கடுமையன்று. திருமுடிவாக்கத்துக்கு அண்மையிலுள்ள மீனம்பாக்கத்திலோ, வருஷத்தில் மிகக் குளிர்ந்த ஜனவரி மாதத்திலும் இரவின் சராசரிக் குறைந்த வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இந்தச் சில டிகிரி வித்தியாசமே பயிரின் பலனை நிர்ணயிக்கிறது.

வட இந்தியச் சமவெளியில் இது பூத்ததென்று கேள்விப்பட்டு, இங்கும் பூக்குமென்று சிலர் நம்புவதுண்டு. லக்னோ போன்ற இடங்களில் ஜனவரி இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே இறங்குகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் சமவெளியே ஆயினும், குளிர்காலம் ஒன்றன்று. விதையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்தால் போதாதா என்று கேட்பாரும் உண்டு. குளிர் வேண்டுவது வளர்ந்து நிற்கும் செடிக்கு. விதையைக் குளிரில் வைத்தால் அதன் முளைப்புத் திறன் கெடாமல் இருக்கும், பூ வராது.

திருமுடிவாக்கத்தில் நடந்தது

குடியானவர் நாள்தோறும் கைக்குக் காசு தந்துவந்த அரைக்கீரைப் பாத்திகளில் ஐந்து சென்டு நிலத்தை இப்பயிருக்கென ஒதுக்கினார். நாற்றங்காலாக இரண்டு பாத்திகள் அமைத்தார். ஒன்று தரைமட்டத்தில் இருந்தது. மற்றொன்றை ஒரு முழம் உயர்த்தியிருந்தார். சில மண்தொட்டிகளிலும் விதைத்தார். இரண்டு வாரத்தில் விதைகள் நன்றாகவே முளைத்தன.

டிசம்பர் மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் சென்னைப் புறநகர்கள் எங்கும் வெள்ளக்காடாயிற்று. தரைமட்டப் பாத்தியில் நீர் தேங்கி நின்றது. வடிந்தபின் பார்த்தால் நாற்றுகளின் கழுத்து அழுகிச் சாய்ந்திருந்தன. மேட்டுப் பாத்தியிலும் தொட்டிகளிலும் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. இது இப்பயிரைப் பற்றி அவர் கற்ற முதற் பாடம். மலைச்சரிவிலும் பாறையிடுக்கிலும் பிறந்த செடி வறட்சியை ஓரளவு பொறுக்கும். வேரில் நீர் தேங்குவதை ஒருநாளும் பொறுக்காது.

தை மாதத்தில் பிழைத்த நாற்றுகளைப் பிடுங்கி, பார் பிடித்து நட்டார். மாசியில் செடிகள் சாம்பல் பூத்த பசுமையோடு, சீப்புப்போல் வெட்டுண்ட இலைகளை விரித்துக் குத்துக்குத்தாய்ச் செழித்து நின்றன. அண்டைத் தோட்டத்தார் வந்து பார்த்து வியந்தனர். அப்பொழுதுதான் அபாயம் நெருங்கியது. இவ்வளவு செழிப்பைக் கண்ட குடியானவர், அடுத்திருந்த ஒரு ஏக்கரா நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்கவும், அதற்காக மனைவியின் நகையை அடகு வைத்துக் கடன் வாங்கவும் யோசனை செய்தார். அவருடைய தாயார் அறுபது வருஷம் கீரைப் பாத்தியோடு பழகியவர். "அப்பா, இலையைப் பார்த்துக் கடன் வாங்காதே. பூ வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அவர் தடுத்தார். மகனும் அதற்கு இணங்கினார்.

பங்குனி பிறந்தது; மொட்டு ஒன்றும் காணவில்லை. உரம் போதாதோ என்று எண்ணிச் சாணமும் பிண்ணாக்கும் இட்டார். இலை மேலும் தழைத்தது. சித்திரை வெயிலில் செடிகள் பகலெல்லாம் வாடி, இரவில் ஒருவாறு தேறின. கோடை மழை ஒன்று பெய்து மண் சூடும் ஈரமுமாய் இருந்த வாரத்தில் வேரழுகல் கண்டது. ஆடி மாதத்துக்குள் ஐந்து சென்டில் எஞ்சியவை கைவிரல்விட்டு எண்ணத்தக்க சில செடிகளே. அவற்றிலும் பூ இல்லை. விதை விலையும், எட்டு மாதக் கீரை வருமானமும் நஷ்டம். ஆயினும் நகை பெட்டியில் இருந்தது.

மலையில் வளர்க்கும் முறை

தமக்கையின் கணவர் தம் பங்கு விதையை உடனே விதைக்கவில்லை. ஈரமில்லாத தகரப் பெட்டியிலிட்டு, குளிர்ந்த இடத்தில் மாசி வரை வைத்திருந்தார். அவர் கையாண்ட முறை, இப்பயிருக்குப் பொதுவாக ஏற்ற முறையோடு ஒத்திருப்பதால் விரிவாகக் கூறத் தக்கது.

விதை. பைரீத்ர விதை மிகச் சிறியது; ஒரு கிராமில் பல நூறு விதைகள் இருக்கும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் வைத்தால் முளைப்புத் திறன் விரைவிற் குறையும். ஆதலால் அவ்வருஷத்து விதையையே வாங்க வேண்டும். முதலில் சிறிது விதையை ஈரத் துணியில் வைத்து முளைப்பைச் சோதித்துக்கொள்வது நலம். வேறொரு எச்சரிக்கையும் வேண்டும். பைரீத்ரம் என்ற பெயராலேயே அலங்காரத் தோட்டங்களுக்குரிய மற்றொரு வகை விதையும் விற்கப்படுகிறது. அதன் இலை பசுமையானது. பூவிதழ் இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு. அதில் விஷச்சத்துக் குறைவு. மருந்துக்குரிய செடியின் இலை சாம்பல் நிறமாகவும், இதழ் வெண்மையாகவும் இருக்கும்.

நாற்றங்கால். உறைபனிக் காலம் நீங்கும் மாசி, பங்குனி மாதங்கள் மலைப்பகுதியில் விதைப்புக்கு ஏற்றவை. வடிகால் நன்குள்ள சரிவில், 1 மீட்டர் அகலமும் ஒரு சாண் உயரமும் உள்ள பாத்தி அமைக்க வேண்டும். சலித்த இலைமக்கும் மணலும் மேல்மண்ணும் சமபங்காய்க் கலந்து மேலே பரப்ப வேண்டும். நாலு விரற்கடை இடைவிட்டு மெல்லிய கோடுகள் கிழித்து, விதையோடு உலர்ந்த மணலைக் கலந்து தூவ வேண்டும். விதையை ஆழப் புதைப்பது பெரும் பிழை. அது கண்ணுக்கு மறையும் அளவு மெல்லிய மணற்போர்வை போதும். மேலே உலர்ந்த புல்லைத் தெளிவாகப் பரப்பி, பூவாளியினால் காலையில் நீர் தெளிக்க வேண்டும்.

10 முதல் 20 நாளில் முளை தோன்றும். தோன்றியதும் புல்லை மாலை வேளையில் நீக்கிவிட வேண்டும். தாமதித்தால் நாற்றுகள் வெளிறி நீளும். பிறகு நடுப்பகல் வெயிலுக்குமட்டும் தாழ்ந்த பந்தல் நிழல் தரலாம். நெருக்கமாயுள்ள நாற்றுகளைக் கலைத்து, ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடை தூரம் இருக்குமாறு செய்ய வேண்டும். நாற்றழுகல் நோய்க்கு நெருக்கமும் மிகுந்த ஈரமுமே காரணம். மருந்தினும் காற்றோட்டமே அதற்கு நற்காப்பு.

நிலமும் நடவும். மூன்று நான்கு மாதத்தில் நாற்று ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாய் வளர்ந்து நடவுக்கு ஆயத்தமாகும். மழைக்காலத் தொடக்கமாகிய வைகாசி இறுதியும் ஆனியும் நடவுக்கு நல்ல சமயம். நீலகிரி மண் இயல்பாகப் புளிப்புத் தன்மை உடையது. செடியோ சுண்ணாம்பு மலையில் பிறந்தது. ஆகையால் மண்ணைச் சோதித்து, அதற்கேற்பச் சுண்ணாம்புப் பொடியை நடவுக்கு ஒரு மாதம் முன்பே இட்டு உழ வேண்டும். மக்கிய எருவும் மணிச்சத்து உரமும் வேண்டும். தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இலை பெருகிப் பூக் குறையும்.

சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக மேட்டுப் பார்கள் பிடித்து, பாருக்குப் பார் 60 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் விட்டு நடலாம். இவ்வளவில் ஏக்கராவுக்கு ஏறக்குறைய 22,000 நாற்று பிடிக்கும். நாற்றின் கழுத்து மண்ணுக்குள் அமிழாதபடி நட வேண்டும், அமிழ்ந்தால் அழுகும். முதல் நான்கு மாதம் களை எடுப்பதில் தளரலாகாது. செடி படர்ந்து நிலத்தை மூடியபின் களைத்தொல்லை தானே குறையும். வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலத்தில், உருளைக்கிழங்கு எடுத்தவுடன் இதனை நடாமல், இடையில் ஒரு தானியப் பயிர் செய்துகொள்வது நலம்.

பூ. மலையில் நட்ட செடிகள் முதல் மார்கழி, தைக் குளிரைக் கண்டன. 2025-ஆம் ஆண்டு பங்குனியில், நடவாகி ஒன்பது மாதம் ஆனபோது, பூத்தண்டுகள் முழங்கால் உயரத்துக்கு எழும்பின. திருமுடிவாக்கத்தில் ஒன்றும் பூவாத அதே விதையின் செடிகள், அங்கே வரப்போரமெல்லாம் வெள்ளை விரித்தாற்போல் பூத்தன.

பறித்தலும் உலர்த்தலும்

பறிக்கும் பக்குவமே இப்பயிரின் விலையை நிர்ணயிப்பது. பூவின் மஞ்சள் நடுத்தட்டில் பல சிறு பூக்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக மலரும். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரை மலர்ந்த நிலையில் விஷச்சத்து மிகுந்திருக்கும். மொட்டாகப் பறித்தாலும், இதழ் வாடியபின் பறித்தாலும் சத்துக் குறையும். பூ ஒரேநாளில் மலர்வதில்லையாதலால், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பறித்துக்கொண்டிருக்க வேண்டும். தண்டு சேராமல் பூத்தலையைமட்டும் விரலிடையில் பற்றிக் கிள்ள வேண்டும். பனி ஈரம் காய்ந்தபின் பறிப்பது நலம். பறிப்போர் சிலருக்கு இப்பூவினால் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். கையுறை அணிந்து பறித்து, பிறகு சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

பறித்த பூவைக் குவித்துவைத்தால் சூடேறிக் கெடும். அன்றே பரப்பி உலர்த்த வேண்டும். வெயிலில் மெல்லிய அடுக்காகப் பரப்பலாம். மழைநாளில் அனல் அறையில் 55 டிகிரிக்கு மேற்படாத சூட்டில் உலர்த்தலாம். 4 அல்லது 5 கிலோ பச்சைப் பூ, 1 கிலோ உலர்ந்த பூவாகும். விரலால் அழுத்தினால் நொறுங்கும் பதமே சரியான பதம். ஒளியும் காற்றும் இதன் சத்தை அழிக்குமாதலால், உலர்ந்த பூவைப் பொடியாக்காமல் முழுப் பூவாகவே, ஒளி புகாத பாத்திரத்தில் இறுக மூடி வைக்க வேண்டும். வேண்டியபோது வேண்டிய அளவே பொடித்துக்கொள்ளலாம்.

தாய்ச்செடி தேர்ந்தெடுத்தல்

பைரீத்ரத்தில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் பூவைக் கருக்கொள்ளச் செய்வதில்லை. வேறு செடியின் மகரந்தம் வர வேண்டும். அதனால் விதையிலிருந்து வரும் செடிகள் ஒன்றையொன்று ஒத்திரா. ஒன்று நிறையப் பூக்கும். மற்றொன்று சோம்பி நிற்கும். வேறொன்று தண்டு வலுவின்றிச் சாயும். இதனைக் குறையென்று எண்ணாமல் வாய்ப்பென்று கொள்ள வேண்டும். முதல் வருஷத்தில் நிமிர்ந்து நின்று, ஒருசேர நிறையப் பூத்த செடிகளுக்குக் குச்சி நட்டு அடையாளம் செய்துகொள்ள வேண்டும். பூக்காலம் முடிந்து மழை தொடங்கும்போது அவற்றைத் தோண்டி, வேரோடு கூடிய துண்டுகளாகப் பிரித்து நட்டால், தாயின் குணம் மாறாத கன்றுகள் கிடைக்கும். ஒரு முறை நட்ட செடி மூன்று வருஷம் வரை நன்கு பலன் தரும். பிறகு பிரித்துப் புதிய நிலத்தில் நடுவதே முறை. விதை முதல் வருஷத்துக்கு. பிறகு நற்செடியே அடுத்த செடிக்கு வித்து.

பயனும் எச்சரிக்கையும்

பைரீத்ரின் வெயில் பட்டால் ஒருநாளைக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும். உணவுப் பயிரில் நஞ்சு தங்காமை இதன் நற்குணம். பலன் நீடியாமை இதன் குறை. எனவே மாலை வேளையில் பயன்படுத்துவதே உசிதம். பூவிலிருந்து வந்ததனால் இது தீங்கற்றதென்று நினைக்கலாகாது. தேனீக்களையும் மீன்களையும் இது கொல்லும். பூத்திருக்கும் பயிரின்மேலும், குளம் குட்டைகளின் அருகிலும் இதனை உபயோகித்தல் தகாது.

இன்று கடையில் விற்கும் கொசுவர்த்தியிலும் மின்சாரக் கொசுமருந்திலும் பெரும்பாலும் இருப்பது இப்பூவின் சத்தன்று. அதனைப் பின்பற்றி இரசாயனசாலையில் செய்த செயற்கைப் பொருள்களே. ஆதலால் கொசுவர்த்தி மிகுதியாக விற்பதைக் கண்டு, பூவுக்குப் பெரும் கிராக்கி இருக்குமென்று கணக்கிடுவது தவறு. பூவிலிருந்து சாறு எடுப்பதற்குத் தனி ஆலை வேண்டும். வாங்குவார் இன்னாரென்று நிச்சயமாகுமுன் ஏக்கராக் கணக்கில் நடுவது, மலைப்பகுதிக் குடியானவருக்கும் தகாத காரியம். மேலும் 1968-ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டப்படி, பதிவு செய்யாமல் எந்தப் பூச்சிமருந்தையும் தயாரித்து விற்கலாகாது. பூப்பொடியும் இதற்கு விலக்கன்று. வரப்போரத்திலும், காய்கறிக்கு உதவாத கற்சரிவிலும் சிறிதளவு நட்டு, சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வதே இப்போதைக்கு இதனால் பெறக்கூடிய உறுதியான பலன்.

சமவெளியில் செய்யத்தக்கது

2025-ஆம் ஆண்டு சித்திரையில் தமக்கையின் கணவர் திருமுடிவாக்கத்துக்கு வந்தபோது, மூடிய டப்பாவில் கொஞ்சம் உலர்ந்த பூவைக் கொண்டுவந்தார். குடியானவர் அதைக் கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, என் கையில் ஏதோ குற்றம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்" என்றார். "கையில் குற்றமில்லை மச்சான், உன் தையில் குளிரில்லை" என்று மற்றவர் சொல்ல, திண்ணையிலிருந்த தாயாரும் சிரித்துவிட்டார்.

அந்த ஐந்து சென்டில் இப்போது மீண்டும் அரைக்கீரை நிற்கிறது. அசுவினித் தொல்லைக்கு அவர் கண்ட வழி தோட்டத்து வேலியிலேயே இருந்தது. ஆனி, ஆடி மாதங்களில் வேலியோர வேப்பமரங்களின் பழங்களைப் பொறுக்கி, தசை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சேமித்து வைக்கிறார். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, 100 லிட்டர் ஆகும்படி நீர் சேர்த்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளிக்கிறார். சமவெளி வெயிலில் தழைத்துக் காய்க்கும் மரம் தரும் மருந்து அது. வருஷந்தோறும் தவறாமல் கிடைக்கிறது.

புதுப்பயிர்களை முயலுவது வேண்டாமென்பது இதன் கருத்தன்று. முயலாமல் எப்பயிரும் எந்நாட்டிலும் பரவியதில்லை. உருளைக்கிழங்கும் தேயிலையும் ஒருகாலத்தில் நீலகிரிக்குப் புதியனவே. ஆனால் புது விதை கைக்கு வரும்போது குடியானவர்கள் சில விஷயங்களை விசாரித்தறிதல் வேண்டும். அப்பயிரில் விலைபோகும் உறுப்பு இலையா, பூவா, காயா, வேரா? அவ்வுறுப்பு உண்டாவதற்கு எத்தகைய சீதோஷ்ணம் வேண்டும்? விளைந்தால் வாங்குவார் யார்? இவற்றுக்கு விடை தெரியும்வரை, சில தொட்டிகளிலும் ஒரு மேட்டுப் பாத்தியிலும் முயன்று, ஒரு முழு வருஷம் பொறுத்திருந்து பார்ப்பதே முறை. திருமுடிவாக்கத்துக் குடியானவர் ஐந்து சென்டோடு நின்றதால் எட்டு மாதக் கீரையை இழந்தார். ஒரு ஏக்கரா கடனில் நட்டிருந்தால் நகையையும் இழந்திருப்பார். புது விதை வாங்கும் அன்பர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.